மூன்றாம் கியருக்கு ஒரு கை

காப்பி நன்றாயிருந்தது, சாமி. சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி குறைச்சல். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என் வீட்டில் ஏப்ரல் மாதத்திலிருந்து எனக்குக் காப்பியே கிடையாது. என் மனைவி இருதயம்மாள் தனக்கு மட்டும் ஒரு டம்ளர் போட்டுக்கொண்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பாள். அதையும் குற்றமாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

பெயர் லியோனார்ட். வயது நாற்பத்திரண்டு. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் வீடு. சொந்தமாக ஒரு லாரி வைத்துக்கொண்டு எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து ராயபுரம் கிடங்குக்கு உப்பு அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறினதில்லை. சாராயம் தொட்டதில்லை. யார் மேலும் கை வைத்ததில்லை. இதையெல்லாம் முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் பின்னால் வரப்போவதைக் கேட்டால் என்னை வேறு மாதிரி ஆள் என்று நினைத்துவிடுவீர்கள்.

பிஷப் சொல்லி நீங்கள் இங்கே விசாரிப்பது வால்டர் கல்யாணத்தைப் பற்றி. வால்டர் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, முப்பது வயது. அவனுக்கும் ஹில்டாவுக்கும் நிச்சயமாகி, எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கிறது என்று பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னவன் நான்தான். ஏன் சொன்னேன் என்பது, கியர் பெட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்களே, அதில் எடுத்த லாரி என்னுடையது. எஞ்சின் நல்ல கெட்டி. கியர் பெட்டிதான் நோஞ்சான்: நாலே கியர், அதிலும் இரண்டாவது போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். உப்பளத்து மணலில் மூட்டையோடு இறங்கினால் பாதி நாள் அங்கேயே போய்விடும். போன வருஷம் மழைக்காலத்தில் உப்பு வேலை நின்றிருந்தபோது, பட்டாளத்துப் பெரிய லாரி ஒன்றின் ஐந்து கியர் பெட்டி தண்டையார்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் கிடப்பதைப் பார்த்தேன். வாங்கிவந்து நானே மாட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அதைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது டீக்கடையில் ஹுமாயூன் பாய் உட்கார்ந்திருந்தார். வண்ணாரப்பேட்டையில் லாரி ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். எழுந்து வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால் சொன்னார்:

"இன்னா லியோனார்டு, எருமைக்கு ஆனைக்காலை வெச்சுத் தெய்க்கப் போறியா? சும்மா ஒத்துக்காது நைனா. மாட்டித்தான் ஆவணும்னா நம்ம பட்டறைக்குக் கொண்டா, நான் பாத்துத் தரேன்."

நாலு பேரும் சிரித்தார்கள். பாய் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு அந்தப் பெட்டியை அவர் பட்டறைக்குக் கொண்டுபோக முடியாது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பதினோரு நாள் வேலை. எஞ்சினும் பெட்டியும் சேருகிற இடத்தில் ஓட்டைகள் பொருந்தவில்லை. திருவொற்றியூர் வார்ப்படக் கடையில் நடுவே வைக்க ஒரு தகடு செய்துகொண்டு வந்தேன். பின்னால் போகிற தண்டை ஒரு சாண் வெட்டினேன். பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி மணலில் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே பல்லெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவினேன். எல்லாம் மாட்டி முடித்தபோது ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. வேலை தெரிந்தவன் பிரித்து மாட்டினால் ஒன்றிரண்டு மிச்சமாவது சகஜம். வீட்டில் கோழிக்கூட்டுக் கதவு சாத்தாமல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஸ்பிரிங்கை அதில் மாட்டினேன். கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. இருதயம்மாள்கூட அன்றைக்கு என்னை மெச்சினாள்.

லாரியும் ஓடியது. மூன்றாவது கியர் மட்டும் நிற்கவில்லை. போட்டுப் பத்து கெஜம் போவதற்குள் கியர் போடுகிற ராடு தானாகப் பின்னால் வந்துவிடும், எஞ்சின் வெறுமனே கத்தும், லாரி மணலில் உட்கார்ந்துவிடும். பாரத்தோடு மணலில் வருவதற்கு மூன்றாவதுதான் வேண்டும். அதுதான் வராது.

நான் சோம்பேறி இல்லை, சாமி. போல்ட்டையெல்லாம் இறுக்கிப் பார்த்தேன். தளர்த்திப் பார்த்தேன். பெட்டிக்கு அடியில் தேக்குக் கட்டை கொடுத்தேன். புஷ் மாற்றினேன். கியரைத் தள்ளுகிற கவையை எடுத்து, வளைந்திருக்கிறதென்று நினைத்து நிமிர்த்தினேன். பிறகு நிமிர்ந்திருக்கிறதென்று நினைத்து வளைத்தேன். எண்ணெய் கெட்டியாக இருந்தால் நிற்கும் என்று ஒருவன் சொல்ல, விளக்கெண்ணெய் கலந்தேன். வாழைப்பழம் மசித்துப் போடு என்று இன்னொருவன் சொன்னான். போட்டேன், இரண்டு சீப்பு. சத்தம் குறைந்தது, வாசனையாகவும் இருந்தது, கியர் நிற்கவில்லை. கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தேன். கயிறு கட்டினேன், கயிறு நீண்டுபோயிற்று. இரும்புக் கொக்கி போட்டேன், கவை முறிந்தது. அப்போதுதான் புரிந்தது: அந்த ராடுக்கு வேண்டியது கட்டு இல்லை, ஆளுடைய கை.

வால்டர் என்னோடு மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையில்தான் இருந்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "மச்சான், இந்த ராடைக் கொஞ்சம் அமுக்கிப் புடி" என்றேன். பிடித்தான். மூன்றாவது கியர் நின்றது. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று சொன்னால் நம்புங்கள்.

வேறு யாரையாவது வைத்துக்கொள்ளக்கூடாதா என்று இருதயம்மாள் கேட்டாள். வைத்துப் பார்க்காமலா இருப்பேன். அப்பாவு என்று ஒரு ஆள் வந்தான், பலமான ஆள், அமுக்கின அமுக்கில் கியர்ப் பல் இரண்டு தேய்ந்தது. இன்னொருவன் திருவொற்றியூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். வால்டர் கை வேறு. ரயில்வே கேட் மேட்டில் வண்டி தூக்கிப்போடும்போது ஒரு நூலிழை தளர்த்தி, இறங்கினதும் மறுபடி இறுக்குவான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் கிளச்சு மிதித்து, "விடு" என்றால் விடுவான். "புடி" என்றால் பிடிப்பான். இரண்டு மாதத்தில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"மாமா, கை மரத்துப் பூட்ச்சு" என்பான் சில சமயம்.

"இன்னும் கொஞ்ச நாளுடா. நான் அத்த சரி பண்ணிட்றேன்."

"சரி மாமா" என்பான். அவன் அப்படித்தான், யாருக்கும் மறுத்துப் பேசத் தெரியாது.

ஜனவரியில் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலைக்குப் பதினாலாம் தேதி நேரில் வரச்சொல்லி. அவன் எப்போதோ மனுப் போட்டிருக்கிறான். கடிதம் என் கையில் கிடைத்தது. அன்றைக்குக் கியர் பெட்டி மூடியில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது, மூடிக்கு அடியில் வைக்கிற பேக்கிங் கிழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. சர்க்கார் காகிதம் தடிமனாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். படிக்காமல் வெட்டினேன் என்று பொய் சொல்லமாட்டேன். அவன் பெயர் இருந்த இடத்தில் ஒரு போல்ட் ஓட்டை வரும்படி வைத்து வெட்டினேன். கசிவு நின்றுவிட்டது.

இதற்கிடையில் அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் சோற்றில் கை வைத்தால் கை முன்னும் பின்னும் ஆடும், பாதி சோறு தட்டுக்கு வெளியே. விரல்கள் முழுசாக நிமிராது, ராடின் உருண்டை பிடிக்கிற அளவுக்கு வளைந்தே நிற்கும். எனக்கு அது பெரிய சங்கடமாகப் படவில்லை. உண்மையில் அதற்கப்புறம் பிடி இன்னும் நன்றாகப் பொருந்தியது. இருதயம்மாள்தான் ஒருநாள் சோற்றுப் பானையை நங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள்: "எந்தம்பி இன்னா, உன் லாரிக்கு மொளைச்ச கையா?"

ஹில்டா கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். நல்ல பெண், நல்ல குடும்பம், தகப்பனார் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். தவக்காலத்துக்கு முன்னால் நிச்சயம் பண்ணினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவனே நான். ஆனால் அந்தப் பெண் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னாள். "கல்யாணத்து அன்னிக்கே இவரு லாரிலேர்ந்து எறங்கிடணும். எங்கப்பா ஹார்பர்ல வேலைக்குச் சொல்லிகீறார்." வால்டர் தலையை ஆட்டினான். ஈஸ்டருக்குப் பிறகு மூன்று ஞாயிறு ஓலை, அடுத்த வாரம் தாலி என்று முடிவாயிற்று.

உப்பு சீசன் எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை. மாசியில் ஆரம்பித்து ஆவணி புரட்டாசி வரை. சித்திரை வைகாசியில் நாளைக்கு மூன்று நடை. கல்யாணம் சரியாக அதன் நடு மத்தியில். தள்ளிவைக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன். ஹில்டாவின் தகப்பனார் சிரித்துவிட்டு, "லாரி இன்னா தம்பி, மாப்ளைத் தோழனா?" என்றார். முதல் ஓலை வாசித்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த வாரம் முழுவதும் கியர் பெட்டியைத்தான் பிரித்துப் பிரித்து மாட்டினேன். அது நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். இரண்டாம் ஓலை வாசித்தபோது, தடை தெரிந்தவர்கள் மறைத்தால் பாவம் என்று சாமியார் பீடத்திலிருந்து சொன்னார். அது எனக்கென்றே சொன்னது போல இருந்தது.

பூசை முடிந்து அவர் அறைக்குப் போனேன். "வால்டருக்கு ரங்கூனில் ஒரு பெண்சாதி இருக்கிறாள், சாமி" என்றேன்.

யோசித்துத்தான் ரங்கூன் என்றேன். வால்டர் வாலிபத்தில் அங்கே அரிசி மில்லில் இருந்தவன். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வந்தபோது மற்ற ஜனங்களோடு காட்டு வழியாக நடந்தே வந்தான். வழியில் விஷ ஜுரம். வீடு வந்தும் நாற்பது நாள் பிதற்றிக்கொண்டு கிடந்தான். அந்த நடையும் அதற்கு முந்தின ரங்கூன் வருஷங்களும் அவனுக்கு இன்றைக்கும் சரியாக நினைவில்லை. அந்த ஜுரத்தில்தான் தன் கல்யாணத்தைப் பற்றி என்னிடம் சொன்னான் என்றேன்.

"அவள் பெயர்?" என்றார் சாமியார். எதிர்ச் சுவரில் மாதா படம் மாட்டியிருந்தது. "மரியம்" என்றேன். கோயிலில் கட்டின தாலியா என்றார். ஆமாம் என்றேன். அத்தாட்சி உண்டா என்றார். குண்டு விழுந்து கோயில் புத்தகமெல்லாம் எரிந்துவிட்டது என்றேன். அவர் இன்னும் நம்பாதவர் மாதிரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அதனால் ஒரு பெண் குழந்தையும் உண்டு, இடது காதுக்குப் பின்னால் மச்சம் என்றேன். அது என்னுடைய மச்சம்தான், வேண்டுமானால் பாருங்கள். அந்த நேரத்துக்கு வேறு மச்சம் நினைவுக்கு வரவில்லை. பெண்சாதியையும் கைக்குழந்தையையும் அங்கே தவிக்கவிட்டுவிட்டு இங்கே ஒருவன் மாலை போட்டுக்கொள்வதை நினைத்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துத்தான் சாமியார் எழுதிக்கொண்டார். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

வால்டர் லாரிக் கொட்டகைக்கு ஓடிவந்தான். அவனுக்குக் கோபப்படத் தெரியாது, மூச்சுதான் வாங்கியது.

"மாமா, சாமியாரு இன்னாமோ சொல்றாரு. எனக்குக் கண்ணாலம் ஆயிருச்சாமே. மெய்யாலுமா?"

"ஜொரத்துல நீதான்டா சொன்னே. ஒனக்கு ஞாபகம் இல்லியா?"

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே மாமா."

"அதான் சொல்றேன். ஞாபகம் இல்லாதது நடக்காததா ஆயிடுமா?"

அவன் லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "அந்தப் பொண்ணு பேரு இன்னா சொன்னே?" என்று கேட்டான். சொன்னேன். வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, இருந்தாலும் லோடுக்கு நேரமாகிவிட்டது. புறப்பட்டோம். அன்றைக்கு அவன் பிடியில் கொஞ்சமும் குறை இல்லை.

இருதயம்மாள் வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பது நாளும் பக்கத்துல ஒக்காந்து துணி நனைச்சுப் போட்டவ நானு. தண்ணி தண்ணின்னுதான்யா கத்தினான். எந்த மரியம், எந்தப் புள்ள?" என்றாள். நீ கஞ்சி வைக்க உள்ளே போனபோது சொன்னான் என்றேன். அன்றைக்கு நின்றதுதான் காப்பி.

ஆனால் அவள் கெட்டிக்காரி. எங்கே கை வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மே மாதம் ஒருநாள் நான் உப்பளத்துக்குக் கணக்கப்பிள்ளையைப் பார்க்கப் பஸ்ஸில் போயிருந்தபோது, ஹுமாயூன் பாயை வீட்டுக்குக் கூப்பிட்டு, "எந்தம்பிய அந்த ராடுலேர்ந்து கயட்டு பாய், உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்றிருக்கிறாள். பாய் மூடியைத் திறந்தார். கியர் கம்பியின் மேல் இருந்த சின்னக் குழியில் விரலை விட்டார். அந்தக் குழியில் ஒரு இரும்புக் குண்டும், அதை அமுக்க மேலே ஒரு ஸ்பிரிங்கும் இருக்கவேண்டுமாம். கியர் விழுந்த இடத்தில் அந்தக் குண்டு போய் உட்கார்ந்து, நகராமல் பிடித்துக்கொள்ளுமாம். என் பெட்டியில் இரண்டும் இல்லை, நான் மூடியைக் கவிழ்த்தபோதே குண்டு மணலில் உருண்டு போயிருக்கும். ஸ்பிரிங் எங்கே என்று கொட்டகையைச் சுற்றிப் பார்த்தவர், கோழிக்கூட்டுக் கதவைப் பார்த்துவிட்டார். "கோயிக்கு இன்னாத்துக்கு லாரி கியரு?" என்று கழற்றிக்கொண்டுவந்து, தன் டப்பாவிலிருந்து ஒரு குண்டையும் போட்டு மூடிவிட்டார். ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையாம். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மூடிக்கு அடியில் இருந்த பழைய பேக்கிங்கை அவர் வால்டரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எண்ணெயில் ஊறி நின்ற டைப் எழுத்து இன்னும் தெரிந்தது. வால்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பெரம்பூர்னு போட்டுகீது மாமா, பதினாலாம் தேதி வான்னு போட்டுகீது. யாருக்கு மாமா?" என்றான். பெயர் இருந்த இடத்தில் ஓட்டை. "யாரோ பாவம்டா" என்றேன். அவனும் பாவம் என்றான்.

மறுநாள் இருவரும் எண்ணூருக்குப் போனோம். திரும்பும்போது நூற்றிருபது மூட்டை. மணலில் மூன்றாவது கியர் போட்டேன். நின்றது. வால்டர் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான், கை மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மணல் தாண்டி ரோடு வந்தோம், மேடு ஏறினோம், இறங்கினோம், நின்றது. வால்டர் சிரித்தான். "மாமா, நின்னுகினு கீது பாரு" என்றான். அப்படி அவன் சிரித்து நாலு மாதம் ஆகியிருக்கும்.

அப்போது எனக்கு ஏற்பட்டதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாதா படத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன். எதற்கு? ராடு பிடிக்க ஆள் இல்லாமல். இப்போது இரண்டணாக் குண்டு ஒன்று அந்த வேலையைச் செய்துகொண்டு வருகிறது. அப்படியானால் நான் சொன்ன பொய் வெறும் பொய்யாகப் போய்விடும். காரணம் இல்லாமல் பொய் சொல்கிற ஆள் இல்லை, சாமி, நான். கழிமுகத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, வால்டரை டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன். மிதிபலகையைத் தூக்கி, மூடியைக் கழற்றி, குண்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துத் தண்ணீரில் எறிந்துவிட்டு, மூடியை மாட்டினேன். எனக்கு அது கால் மணி நேரம் பிடித்தது. பாய் என்னைவிடக் கைவேகம் உள்ளவர், அதை நான் மறுக்கவில்லை.

வால்டர் வந்தான். புறப்பட்டோம். பத்து கெஜத்தில் ராடு பின்னால் வந்தது. அவன் என்னைப் பார்த்தான், ராடைப் பார்த்தான், பிறகு கையை எடுத்துப் பழையபடி வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

ஹில்டா ஒருநாள் கொட்டகைக்கு வந்தாள். இருதயம்மாள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டிருந்தாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. குடையை மடக்கிக்கொண்டு லாரியைச் சுற்றிவந்து, சன்னல் வழியாக ராடை எட்டிப் பார்த்தாள்.

"இதானா அது?" என்றாள். "சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன். என் கல்யாணம் இதுலதான் மாட்டிகினு கீதாம்."

"ரங்கூன்ல ஒரு பொண்ணு மாட்டிகினு கீறா. அவளை நெனைச்சுப் பாரும்மா" என்றேன்.

"அவளுக்கு ஒண்ணும் கொறை இல்லீங்க, அவ பொறக்கவே இல்ல" என்றாள். "நான் பிஷப்புக்கே எழுதறேன். அதுவரைக்கும் அவர நீங்களே வெச்சிக்கோங்க. ஆள் எங்க கீறார்னாவது எனக்குத் தெரியும்."

குரல் உயர்த்தவில்லை. போகும்போதுதான் குடையை விரிக்க மறந்து வெயிலிலேயே நடந்தாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

அவள் எழுதினதால்தான் இந்த விசாரணை. போன மாதம் வால்டரும் இதே நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கிறான். என்ன சொன்னான் என்று உங்கள் காகிதத்திலேயே இருக்கும்: ஆமாம், எனக்கு ஒரு பெண்சாதி உண்டு என்று. நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, சத்தியம். அவனுக்கே நினைவு வர ஆரம்பித்துவிட்டது. லாரியில் வரும்போது திடீரென்று, "மாமா, அவ வூட்டாண்ட ஒரு கொளம் கீது" என்பான். இன்னொரு நாள், "கொயந்த மச்சம் எனக்கு நல்லாத் தெரியுது மாமா, இந்தப் பக்கம்" என்று காதைத் தொட்டுக் காட்டுவான். செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் இரண்டு மெழுகுவத்தி, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. அந்தச் சின்ன மெழுகுவத்தியைப் பார்த்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இருந்தாலும் அவன் வருத்தத்தில் இருந்தால் பிடி இன்னும் இறுக்கமாக விழுந்தது. அதனால் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

இப்போது நானே வலிய வந்து உண்மையைச் சொல்கிறேன். எழுதுகிற ஐயா இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளட்டும். மரியம் என்று ஒருத்தி கிடையாது. குழந்தை கிடையாது. வால்டர் ஜுரத்தில் தண்ணீர் கேட்டதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. தடை என்று நான் சொன்னது முழுப் பொய். பெரம்பூர்க் கடிதத்தை வெட்டினவன் நான். குண்டை எடுத்து எறிந்தவன் நான். அவன் கை அப்படி ஆனதற்கும் நான்தான் காரணம். யாரும் என்னை மிரட்டவில்லை. மனச்சாட்சிதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

மனச்சாட்சி ஏன் இன்றைக்கு வந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. போன சனிக்கிழமை வால்டர் கப்பல் கம்பெனிக்குப் போய் ரங்கூனுக்கு டெக் டிக்கெட் எடுத்துவிட்டான். பெர்மிட்டும் வாங்கியாயிற்று. பெண்சாதியையும் பிள்ளையையும் தேடிக் கூட்டிக்கொண்டு வரப்போகிறானாம். குழந்தைக்கென்று ஒரு கவுன் வாங்கி வைத்திருக்கிறான், ஹில்டாவிடமே போய் எவ்வளவு பெரிசு வாங்குவது என்று கேட்டிருக்கிறான். அவள் அளவு சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

ஹார்பர் கேட்டில் அவனை மறித்து நான் உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும், இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்று விடாமல். அவன் பொறுமையாகக் கேட்டான். அந்த வளைந்த கையை என் தோள் மேல் வைத்தான்.

"வோணாம் மாமா. என்னைத் தடுக்கறதுக்காவ நீ பொய் சொல்லி உன் ஆத்மாவக் கெடுத்துக்காதே" என்றான். "நான் பண்ண பாவம், நான்தான் போய்த் தீர்த்துகினு வரணும்."

என் பேச்சை அவன் நம்பமாட்டான், சாமி. பிஷப் முத்திரை போட்ட காகிதத்தைத்தான் நம்புவான். அந்தக் காகிதத்தை நாளைக்குள் தந்தீர்களானால் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். கப்பல் வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறது. ஹில்டாவுக்கு இப்போதே ஒன்றும் எழுதவேண்டாம், மழை தொடங்கினபிறகு சாவகாசமாக எழுதினால் போதும். பாவம், அவளும் கொஞ்சம் மனம் ஆறட்டும். புதுக் குண்டு வாங்கிப் போடக்கூடாதா என்று உங்கள் முகம் கேட்கிறது. போடலாம். சீசன் முடியட்டும், நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள். சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு என் வண்டி உப்பளத்தில் நிற்கவேண்டும், ராடு பிடிக்க அவனை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.